பேபி வீட்டு டம்ளரில் தென் துருவம்

மேனாம்பேட்டில் துலுக்கானத்தின் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒரு புகைப்படத்தை. கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசலுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. படம் முழுக்கக் கண் கூசும் வெள்ளை. நடுவில் சிவப்பாக ஒரு மூட்டை. மூட்டைக்கு இரண்டு கால்கள் உண்டு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கண்ணாடியும், அதற்குக் கீழே கம்பளித் துணியும் இருக்கின்றன.

"அது நான்தான்" என்பார் துலுக்கானம்.

"யாரு கண்டா?" என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வரும். அது அவர் மனைவி பேபி.

அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது பேபி கேட்டது இன்னும் எங்கள் தெருவில் வழங்குகிறது: "இன்னாய்யா இது, யார் ஊட்டு பீரோவுக்கோ பேண்ட் மாட்டி வச்சிகீறாங்க?"

துலுக்கானத்தின் அப்பாவும் அம்மாவும் ஜானகிராமன் குடும்பத்து நிலத்தில் நாற்று நட்டுக் களை எடுத்தவர்கள். மேனாம்பேட்டில் நெல் விளைந்த காலம் வரை அவர்களை "எங்க ஆளுங்க" என்று அந்தக் குடும்பம் சொல்லிக்கொண்டது. தொழிற்பேட்டை வந்து, நிலம் மனையாக விளையத் தொடங்கியதும் "எங்க எடத்துல ஏன் நிக்கிறீங்க?" என்று கேட்டது. துலுக்கானம் நிற்கவில்லை. தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் வெல்டிங் கற்றார். பிறகு ஆவடியில் ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஓர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சங்கிலியில் ஓடும் வண்டிகள் அவருக்குக் கைவந்தவை.

தென் துருவப் பனியில் ஓடுவதும் அப்படிப்பட்ட வண்டிதான். 1988-ஆம் ஆண்டின் கடைசியில் அங்கே போகும் குழுவுக்கு ஒரு வெல்டர் தேவைப்பட்டார். முதலில் தேர்வானவர் வேறொருவர். அவர் மனைவி தாலியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவதாக மிரட்டியதால் அவர் விலகிக்கொண்டார். அடுத்து துலுக்கானத்தைக் கேட்டார்கள். பேபி அப்படியெல்லாம் மிரட்டவில்லை. அவருடைய சந்தேகங்கள் வேறு.

"அந்த ஊர்ல யாரு கீறாங்க?"

"யாருமே இல்ல. மனுசனே கெடையாது."

"மனுசனே இல்லாத ஊருக்கு இன்னாத்துக்குய்யா வெல்டரு?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எந்த விஞ்ஞானியும் நேராகப் பதில் சொன்னதில்லை. துலுக்கானம் கோவாவில் கப்பல் ஏறினார்.

ஏப்ரல் தொடக்கத்தில் திரும்பி வந்தார். மூக்கு நுனி உரிந்திருந்தது. கண்ணைச் சுற்றிக் கண்ணாடியின் அச்சு வெள்ளையாகப் பதிந்திருந்தது. அவர் சொன்ன கதைகளைக் கேட்கத் தெருவே கூடியது. பன்னிரண்டு மணி ராத்திரிக்கும் வெயில் அடிக்கும் என்றார்; நம்பினார்கள். பறக்கத் தெரியாத பறவைகள் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய வக்கீல்கள் மாதிரி வரிசையாக நடந்து வரும் என்றார், அதையும் நம்பினார்கள். கொதிக்கும் தேநீரை வெளியே வீசினால் தரையில் விழுமுன் உறைந்துவிடும் நாட்கள் குளிர்காலத்தில் வருமாம் என்று அங்கே கேட்டதைச் சொன்னார். உச்சுக்கொட்டிக்கொண்டே நம்பினார்கள்.

ஒன்றை மட்டும் ஒருவரும் நம்பவில்லை.

"அங்க சேர்ற குப்பைய அங்க போட மாட்டாங்க. சாக்குல கட்டி, டிரம்முல அடைச்சி, கப்பல்ல ஏத்தி, திரும்ப நம்ம ஊருக்கே எடுத்துகினு வந்துட்டோம்."

கூட்டம் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தெரு நாய்கள் குரைத்தன.

"யோவ், குப்பைய கப்பல்ல ஏத்துவாங்களா? நம்ம தெரு குப்பைய லாரியில ஏத்தவே மனு குடுத்து மனு குடுத்து செருப்பு தேயுது!"

தெருவில் துலுக்கானத்தின் பேச்சு அந்த இடத்தில்தான் சரியத் தொடங்கியது. குப்பைக் கதை பொய் என்றால் வெயில் கதையும் பொய்யாக இருக்கலாம். படத்திலோ முகமே இல்லை.

அவரை மாற்றியது அந்தக் குப்பைதான் என்பது எங்கள் படிப்பகத்தில் உட்கார்ந்து அவர் பேசக் கேட்ட சிலருக்குத் தெரியும். கப்பல் பனிக்கரையை நெருங்கிய அன்று அவர் மேல்தளத்தில் நின்றார். கடலிலிருந்து நேராக எழுந்த வெள்ளைச் சுவர் இடது கோடி முதல் வலது கோடி வரை முடிவில்லாமல் நீண்டது. சில இடங்களில் அது வெள்ளையாகக்கூட இல்லை. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி மாதிரி நீலம் ஓடியது. வாழ்க்கை முழுக்கச் சத்தத்திலேயே வேலை செய்த மனிதர் அவர். சுத்தியல், அரவை இயந்திரம், சங்கிலி, மேலதிகாரி. அங்கே எந்தச் சத்தமும் இல்லை.

"என் ரத்தம் ஓடுற சத்தம் எனக்கே கேட்டுச்சு. மொதல்ல மெஷினு எங்கியோ ஓடுதுன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, மெஷினு நான்தான்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சுவரிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்தது. அம்பத்தூர் ரயில் நிலையத்தையும் அதன் இரண்டு பக்கத்துக் கடைகளையும் சேர்த்து வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. அவசரமே இல்லாமல், சோறு வடிக்கும்போது தட்டு நழுவுவதைப் போல நழுவிக் கடலில் இறங்கியது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

"அவ்ளோ பெருசு. அது அவ்ளோ சுளுவா ஒடையும்னு நான் நெனிக்கவே இல்ல" என்றார். அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தணிந்துவிடும்.

இவ்வளவு வியந்த மனிதர் கரையில் இறங்கிய முதல் நாளே செய்த காரியம், ஒரு பீடியைப் பற்றவைத்து, இழுத்து முடித்து, துண்டைப் பனியில் எறிந்துவிட்டு வேலைக்குப் போனது. மேனாம்பேட்டில் பிறந்து வளர்ந்த யாரும் செய்வதுதான். குழுத் தலைவர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. ஆவடியில் ராணுவக்காரர்களோடு பழகித் துலுக்கானம் கற்ற அரைகுறை இந்திக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னார்: "இங்கே எதுவும் மக்காது. நீயும் நானும் உன் பேரன் பேத்திகளும் போன பிறகும் இந்தத் துண்டு இப்படியே கிடக்கும். உன் பெயர் சொல்ல உலகத்தில் இது ஒன்றுதான் மிஞ்ச வேண்டுமா?"

துலுக்கானம் வந்த வழியே நடந்து போய்ப் பீடித்துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பழக்கம் ஊர் திரும்பியும் போகவில்லை. துவைக்கிற நாளில் பேபி சட்டைப் பையிலிருந்து பீடித்துண்டுகளை அள்ளி எடுத்துத் தலையில் அடித்துக்கொண்டார். "வேலைக்குப் போன மனுசன் தொடப்பக்கட்டையா திரும்பி வந்துகீது."

இதோடு நின்றிருந்தால் வீட்டுச் சண்டையாக முடிந்திருக்கும். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தாங்கல் இருந்தது. தாங்கல் என்றால் சிறிய ஏரி. துலுக்கானத்தின் அம்மா நட்ட நாற்றெல்லாம் அந்தத் தண்ணீரில் வளர்ந்தது. வயல் போன பிறகு அதை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அதில் குப்பை கொட்டினோம். பிறகு ஜானகிராமன் லாரி லாரியாக இடிபாட்டு மண்ணைக் கொட்டத் தொடங்கினார். பாதி தூர்ந்ததும் முளைக்கல் நட்டு, ஒரு நகரின் பெயரைப் பலகையில் எழுதி வைத்தார். தண்ணீரின் மேல் மனை விற்கும் அந்தத் துணிச்சலை யாரும் தட்டிக் கேட்கவில்லை. கேட்டவர் துலுக்கானம். படிப்பகத்தில் ஒரு மாலை எழுந்து நின்று, "அவ்ளோ பெரிய பனியே கண்ணு முன்னால ஒடஞ்சி வுழுது. இந்தத் தாங்கலு எம்மாத்திரம்?" என்று கேட்டார்.

மறுநாளே ஜானகிராமன் தேநீர்க் கடைக்கு வந்தார்.

ஜானகிராமனைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவருக்குக் காது மந்தம். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். அவர் மட்டும் ஒப்புக்கொண்டதில்லை. அவர் வீட்டு வானொலியில் செய்தி வாசித்தால் நாங்கள் படிப்பகத்துக்குப் பத்திரிகை வாங்க வேண்டியதில்லை. யாராவது ஏதாவது சொல்லிப் புரியவில்லை என்றால் "அதான் நானும் சொல்றேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். நிலத் தரகில் பாதிப் பேச்சு கிசுகிசுப்பில் நடப்பது. காது கேட்காதவர் என்று தெரிந்தால் வெளியூர்த் தரகர்கள் அவரையே அளந்து விற்றுவிடுவார்கள். அதனால் அந்த ரகசியத்தை அவர் பத்திரத்தைவிடப் பத்திரமாகக் காத்தார்.

"டேய் துலுக்கானம்" என்றார். துலுக்கானத்துக்கு அப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. அந்த "டேய்"க்கு வயது அதைவிட மிக அதிகம். "கோவாவுல எங்கியோ ஓட்டல்ல மாவாட்டிகினு இருந்துட்டு, இங்க வந்து கத வுடுறியா? உன்ன மாதிரி ஆளையெல்லாமா அங்க அனுப்புவாங்க?"

"அனுப்புனாங்களே, ஐயா."

"அதான் நானும் சொல்றேன்."

கடையில் சிரிப்பு எழுந்தது. துலுக்கானம் சிரிக்கவில்லை. குரலை உயர்த்திச் சொன்னார்: "அங்கேர்ந்து பனிக்கட்டி எடுத்தாந்துகீறேன். ஞாயித்துக்கெழம படிப்பகத்துக்கு வாங்க. அந்தப் பனி எத்தினியோ ஆயிரம் வருசத்துக்கு முன்னால பேஞ்சது. அதுக்குள்ள அப்ப இருந்த காத்து மாட்டிகினு கீது. தண்ணியில போட்டா பட் பட்டுனு வெடிச்சி வெளிய வரும். ஐஸ் கம்பெனி ஐஸ்ல அந்த சத்தம் வராது. உங்க காதாலயே கேளுங்க."

மற்றதெல்லாம் அரைகுறையாகக் கேட்ட ஜானகிராமனுக்கு 'காது' என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. முகம் சிவந்தது.

"கேக்குறேன்டா! கேட்டா, அந்தத் தாங்கல்ல அதுக்கப்புறம் ஒரு கூடை மண்ணு வுழாது. கேக்கலேன்னா, தாங்கலப் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது. சரியா?"

"சரிங்க."

இப்படியாக எங்கள் தாங்கலின் ஆயுள் செங்கல் அளவுள்ள ஒரு பனிக்கட்டிக்குள் போய் அடைந்துகொண்டது.

அந்தப் பனிக்கட்டியைக் கப்பலின் குளிர் அறையில் வைத்திருந்து, கோவாவில் மீன் அனுப்பும் பெட்டி ஒன்றில் உமியும் உப்பும் போட்டு அடைத்து, ரயிலில் நிலையத்துக்கு நிலையம் இறங்கி ஐஸ் வாங்கிச் சுற்றிலும் வைத்து, ஒரு சித்தாளைப் போலச் சுமந்து வந்திருந்தார். வீட்டிலும் தினம் ஐஸ் மாற்றி அந்தப் பெட்டியிலேயே வைத்திருந்தார். சித்திரை வெயிலில் இனி அதை வைக்க ஒரே இடம்தான் உண்டு: ரோஸியின் ஃப்ரிட்ஜ். ரோஸி ஆவடியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் தெருவின் ஒரே ஃப்ரிட்ஜ் அவருடையது. அதன் மேல் மாதா சிலையும் உள்ளே மீன் குழம்பும் எப்போதும் இருக்கும்.

"சிஸ்டரம்மா, ஞாயித்துக்கெழம வரிக்கும் மேல அறையில இது இருக்கட்டும். கதவ அடிக்கடி தொறக்காதீங்க."

"இருக்கட்டும்ணா. என் ஐஸ்கிரீம கீழ எறக்கிடறேன்" என்றார் ரோஸி. அவர் செய்த பெரிய தியாகம் அது. சிறிய தவறு, அதைப் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாவிடம் சொன்னது.

பொன்னியம்மா அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது முன்னால் நிற்பவர். மனிதர் காலே படாத இடத்திலிருந்து, பல ஆயிரம் வருஷமாக உருகாத ஒன்று எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"மனுசன் கால் படாத எடம்னா அது யாரு எடம்? சாமி எடம்தானே? அங்கேர்ந்து அது தானா வருமா? வரணும்னு நெனச்சி வந்துகீது."

வெல்டிங் தெரிந்த ஒருவர் முதுகு ஒடியச் சுமந்து வந்தது அவர் கணக்கில் வரவில்லை. நம் நாட்டில் உழைப்பவன் தூக்கி வருவான். பெயர் வேறொருவருக்குப் போகும். இதில் பொன்னியம்மாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

சனிக்கிழமை ரோஸி வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அவருடைய மாமியார் மட்டும். காலையில் பொன்னியம்மா நான்கு பெண்களோடு வந்தார். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துத் தட்டில் கற்பூரம் ஏற்றிக் காட்டினார்கள். பனிக்கட்டி வியர்த்தது. "பாரு, பாரு, சாமிக்கு கண்ணு கலங்குது!" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். தெரு திரண்டது. வாசலில் செருப்புகள் குவிந்தன. ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் வேப்பிலை செருகப்பட்டது. கதவில் மூன்று குங்குமப் பொட்டு. வந்தவர்கள் எல்லாம் கதவைத் திறந்தார்கள், எல்லோரும் கற்பூரம் காட்டினார்கள், எல்லோரும் கண்கலங்கிய சாமியைக் கண்டு மேலும் உருகினார்கள். சாமியும் உருகியது. முதலில் திகைத்து நின்ற ரோஸியின் மாமியார், தன் வீட்டில் தன் பங்கு குறைந்துவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக் கொண்டுவந்து உள்ளேயே வைத்தார். எரிந்துகொண்டிருக்கும்போதே.

உலகத்தில் யாரும் பகைமையால் இவ்வளவு வேகமாக ஒரு பனிக்கட்டியைக் கரைத்திருக்க முடியாது.

மதியம் திரும்பிய ரோஸியின் கூச்சல் எங்களுக்குப் படிப்பகம் வரை கேட்டது. "ஐயோ, உள்ள மீன் கொழம்பு கீது! அதுக்கும் சேத்து கற்பூரம் காட்டிட்டுப் போயிட்டாங்களே!"

துலுக்கானம் ஓடினார். செங்கல் அளவிலிருந்த பனி ஒரு சோப்புக் கட்டி அளவுக்கு வந்திருந்தது. மேல் பக்கத்தில் புகைக்கறை. அவர் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். கடலில் நழுவிய அந்தப் பெரிய துண்டைப் பார்த்தபோது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து மின்சாரமும் போனது.

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பேபி வந்தார். பனியை ஒரு தரம் பார்த்தார். கணவரை ஒரு தரம் பார்த்தார். கணவர் சொன்னதை அதுவரை ஒரு வார்த்தைகூட நம்பியதாக அவர் காட்டிக்கொண்டதில்லை.

"எழுந்திரிய்யா. ஒப்பாரி அப்புறம் வைக்கலாம். பொட்டிய எங்க போட்ட?"

மீன் பெட்டி வந்தது. பனிக்கட்டியைச் சோற்று டப்பாவில் போட்டு இறுக மூடினார். மார்க்கெட் பக்கம் போய்ப் பாளம் பாளமாகக் கம்பெனி ஐஸ் வாங்கி வந்து, கோணியில் சுற்றி உடைத்து, உப்பைத் தூவி, டப்பாவைச் சுற்றி அடைத்து, மேலே உமியைக் கொட்டினார். பிறகு பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். கையில் துடைப்பம்.

பொன்னியம்மா தயங்கித் தயங்கி வந்தார். "பேபி, ஒரே ஒரு தபா..."

"கிட்ட வந்தீன்னா தொடப்பத்தாலயே ஆரத்தி எடுப்பேன். போயிடு."

"சாமி குத்தம் ஆயிடும்டீ."

"சாமி கரஞ்சி சோப்பாயிடுச்சி. இன்னும் இன்னா குத்தம் ஆவணும்?"

"நீதான் அவரு சொல்றத நம்பவே மாட்டியேம்மா?" என்று ரோஸி கேட்டார்.

"நான் நம்பாம இருப்பேன், அது எங்க ஊட்டு சமாச்சாரம். அந்த ஆளு யாரு நம்பாம இருக்கறதுக்கு?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் படிப்பகம் தாங்கவில்லை. ஜன்னலிலும் ஆட்கள் தொங்கினார்கள். ஜானகிராமன் வெள்ளை வேட்டியில் வந்தார். கூடவே இரண்டு தரகர்கள். தாங்கலில் மனை வாங்க விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பந்தயத்தில் தான் ஜெயிப்பதைப் பார்க்க அவரே அழைத்து வந்திருந்தார்.

பேபி தன் வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள் இரண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இரண்டிலும் அவர் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருந்தது. இரண்டிலும் தண்ணீர் ஊற்றினார். துலுக்கானம் முதல் டம்ளரில் கம்பெனி ஐஸைப் போட்டார். 'டக்' என்று ஒரு முறை விரிசல் விட்டது. பிறகு ஊமையாகிவிட்டது. அடுத்து சோற்று டப்பாவைத் திறந்தார். உள்ளே ஓர் எலுமிச்சம்பழ அளவுதான் மிஞ்சியிருந்தது. அதை இரண்டு விரல்களால் எடுத்து மற்ற டம்ளரில் விட்டார்.

எதுவும் கேட்கவில்லை. காரணம், படிப்பகத்துக்குப் பின்னால் லாரிகள் மண் கொட்டிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகூட ஜானகிராமன் அவற்றுக்கு ஓய்வு தரவில்லை.

"லாரிய நிறுத்தச் சொல்லுங்க!" என்று கூட்டம் கத்தியது. ஜானகிராமனுக்கு லாரி ஓடுவதும் ஓடாததும் ஒன்றுதான். ஆனாலும் ஜன்னலருகே போய், "நிறுத்துங்கடா!" என்று தன் லாரிகளைத் தானே நிறுத்தினார். எஞ்சின்கள் அணைந்தன. ஓட்டுநர்கள்கூட என்னவென்று பார்க்க வந்து ஜன்னலில் தொற்றிக்கொண்டார்கள்.

எங்கள் தெருவில் நான் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. அந்த அமைதிக்குள்ளிருந்து அது வந்தது. கடுகு தாளிக்கும் சத்தத்தைத் தூரத்து வீட்டிலிருந்து கேட்பது போல. பட்... பட் பட்... பட். எவர்சில்வர் அதை மணி மாதிரி வாங்கிப் பெரிதாக்கிக் கொடுத்தது. முன் வரிசை மூச்சை அடக்கியது. பொன்னியம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"கும்பிடாதம்மா, கேளு" என்றார் துலுக்கானம். "அது காத்து. யாருமே இழுத்து வுடாத காத்து. இப்பதான் வெளிய வருது."

யாருமே சுவாசிக்காத காற்று. கோயில் கட்டுமுன் வீசியது. கோயிலுக்குள் யார் வரலாம், வெளியே யார் நிற்க வேண்டும் என்று ஒருவன் கோடு கிழிக்குமுன் வீசியது. ஊர் என்றும் சேரி என்றும் பிரியாத உலகத்தின் காற்று, பனிக்குள் உறங்கிக் கிடந்து, எங்கள் படிப்பகத்தில், பேபியின் டம்ளரில், ஒவ்வொரு குமிழாக விடுதலையானது. நாங்கள் அதைச் சுவாசித்தோம். பீடிப் புகையும் கலந்துதான் இருந்தது.

"ஐயா, நீங்க வாங்க" என்றார் துலுக்கானம்.

ஜானகிராமன் வந்தார். மேசையருகே குனிந்தார். இன்னும் குனிந்தார். அந்தக் குடும்பத்தார் எவரும் எங்கள் தெருக்காரர் வீட்டுத் தண்ணீர்ப் பாத்திரத்தின் அருகே அவ்வளவு தாழ்ந்ததில்லை. காதை டம்ளரின் விளிம்பில் ஒட்டினார். ஒரு காது, பிறகு மறு காது. புருவம் நெளிந்தது.

"இன்னா சார், கேக்கலையா?" என்றார் ரோஸி, அக்கறையோடு. "எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்களேன். காது பாக்குற டாக்டரு வர்றாரு. கூச்சப்பட வேணாம்."

ஜானகிராமனுக்கே கேட்கும் அளவுக்கு அவர் இதை உரக்கச் சொன்னார். தரகர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை ஜானகிராமன் பார்த்தார்.

நிமிர்ந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "கேக்குது. ஏன் கேக்காம? நல்லாவே கேக்குது."

மேசைக்கு அருகில் நின்ற சிலரால் மட்டுமே டம்ளருக்குள் பார்க்க முடிந்தது. உள்ளே பனி கரைந்து முடிந்திருந்தது. அவர் குனிந்தபோதே சத்தம் நின்றுவிட்டது. காது கூர்மையான நாங்களே எதையும் கேட்கவில்லை. துலுக்கானம் பொய் சொல்லத் தெரியாதவர். "ஐயா, அது கரைஞ்சி..." என்று வாயைத் திறந்தார். மேசைக்கு அடியில் பேபியின் குதிகால் அவர் கால் விரல்களின் மேல் இறங்கியது. வாய் மூடிக்கொண்டது.

உண்மை சொன்னவரைப் பொய்யர் என்ற மனிதர், கேட்காததைக் கேட்டேன் என்று சொல்லி அந்த உண்மையை ஊரறிய நிலைநாட்டினார். அந்த ஒரு சொல்லால் பாதித் தாங்கல் பிழைத்தது. அறிவால் இல்லை, சட்டத்தால் இல்லை, எங்கள் மனுக்களால் நிச்சயமாக இல்லை, ஒருவருடைய வீம்பால். ஊருக்கு முன்னால் சொன்ன வாக்கை மீறினால், எதைக் கேட்டார் என்ற கேள்வி திரும்ப எழும் என்று அவர் பயந்திருக்க வேண்டும். தூர்ந்த பாதியின் மேல் இப்போது மூன்று தெருக்கள் இருக்கின்றன. ஐப்பசி மழையில் தண்ணீர் தன் பழைய இடத்தை விசாரித்துக்கொண்டு அந்த வீடுகளுக்குள் போகிறது. மிஞ்சிய பாதியின் கரையில் துலுக்கானம் காலையில் நடக்கிறார். வழியில் கிடப்பதையெல்லாம் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். பேபி இன்னும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலையவில்லை. பொன்னியம்மா முண்டியடித்து முன்னால் வந்தார். "அந்தத் தண்ணிய ஆளுக்கு ஒரு சொட்டு குடு பேபி. தீர்த்தம்!" பின்னால் கைகள் நீண்டன. எல்லாக் கைகளுக்கும் முன்னால், உள்ளங்கையைக் குழித்து, ஒரு கை நீண்டது. வெள்ளை வேட்டிக்காரருடைய கை.

பேபி அந்தக் கையைப் பார்த்தார். அவர் மாமியார் நடவு முடித்துத் தாகத்தோடு போய் நின்றபோது, ஜானகிராமன் வீட்டில் தென்னை மட்டையைச் சாய்த்துப் பிடித்து, எட்ட நின்று அதன் வழியே தண்ணீர் ஊற்றினார்கள்.

"இது எங்க ஊட்டு டம்ளரு சார்" என்றார், டம்ளரைத் திருப்பிப் பெயரைக் காட்டி.

"தீர்த்தத்துக்கு ஏதும்மா தீட்டு?" என்றார் ஜானகிராமன், மிகப் பெரிய மனதோடு. வசதியான நேரத்தில் இது மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

பேபி டம்ளரை உயர்த்தினார். அண்ணாந்து, ஒரே மடக்கில், கடைசிச் சொட்டு வரை குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார்.

துலுக்கானம் ஆவலோடு கேட்டார்: "எப்டி கீது?"

"சப்புனு கீது. கற்பூர வாசன வேற" என்றார் பேபி. "இதுக்காய்யா அவ்ளோ தூரம் போன?"